மொட்டை மாடியில் அடித்த சாரல்

ஏஐ இழுக்கிற தண்ணீர், கரண்ட், அதோடு சேருகிற குப்பை பற்றி மூன்று ஊர்க்காரர்கள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டது

கல்லிடைக்குறிச்சி

போன சித்திரையில் சென்னைக்குப் போயிருந்தேன். அக்கா மகன் அங்கே ஒரு டேட்டா சென்டரில், அதாவது இன்டர்நெட்டுக்கும் ஏஐக்கும் வேலை செய்கிற கம்ப்யூட்டர்களை அடுக்கி வைத்திருக்கிற கட்டடத்தில், ஏசி பராமரிப்பில் இருக்கிறான், எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். பாஸ் வாங்கி மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். கூலிங் டவர் வரிசையாக நிற்கிறது, பக்கத்தில் போனதும் முகத்தில் பொடிப்பொடியாகத் தண்ணீர் அடித்தது. வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில் குற்றாலத்துச் சாரல் மாதிரி இருக்கவும் கண்ணை மூடிக்கொண்டு நின்றுவிட்டேன். "மாமா, இது பூரா ஆவியாப் போற தண்ணி. சூட்டை வாங்கிட்டு மேல போயிரும். மிச்சம் நிக்கிறதுல உப்பு ஏறிரும், அதையும் திறந்துவிட்டுட்டுப் புதுத் தண்ணி ஊத்தணும்" என்றான்.

இறங்கி வந்தால் கேட்டில் மூன்று தண்ணீர் லாரி. எதிர்ச் சந்தில் குடங்கள் வரிசையில் இருக்கின்றன, லாரி அவர்களுக்கு இன்னும் வரவில்லை. ஒரு பச்சைக் குடத்தின் கழுத்தில் கிழிந்த சேலைத்துணி கட்டியிருந்தது, எங்கள் அம்மா அடையாளத்துக்குக் கட்டுவாளே, அதே மாதிரி.

ஜிபிடி-3 என்ற ஒரு ஏஐ மாடலைப் பழக்கியதில் மட்டும் 7 லட்சம் லிட்டர் நன்னீர் ஆவியாகியிருக்கலாம் என்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2023-ல் சொன்னார்கள். 12,000 லிட்டர் லாரியில் 58 லோடு. கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்ததும் கன்னடியன் கால்வாயில் குளிக்க இறங்கினேன், முங்கி எழுந்தால் அந்தப் பச்சைக் குடம்தான் கண்ணில் நிற்கிறது.

பணகுடி

அண்ணாச்சி, இதைச் சொன்னால் என் வீட்டுக்காரர் "டேட்டா சென்டரைக் காற்றாலைக் கரண்டுல ஓட்டிட்டுப் போறான்" என்பார். எங்கள் தோட்டத்துக்கு மேற்கே இருந்த பழைய காற்றாலையைக் கழற்றினார்கள். தூண், கியர்பாக்ஸ், செம்பு எல்லாம் லாரி ஏறிவிட்டது. மூன்று இறக்கையும் உடைமரத்தடியில் கிடக்கிறது. கண்ணாடி இழையும் பசையும் சேர்த்து வார்த்தது அது, இரும்பு மாதிரி உருக்க முடியாது, எடைக்கும் எடுக்க மாட்டார்கள். என் சின்ன மகன் அதில் சறுக்கு விளையாடிவிட்டு வந்தான். ராத்திரி பூரா தொடையைச் சொறிந்து அழுகை. பேட்டரி லைட் அடித்துப் பார்த்தால் தோலில் மினுமினு என்று நூல் நூலாகக் குத்தி நிற்கிறது. செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தேன், ஒவ்வொரு தடவையும் பிள்ளை என் தோளைக் கடித்தான்.

காற்றாலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சும்மா போவதற்குக் கரண்டாகட்டும். போட்டவர்கள் எடுத்துக்கொண்டு போகவும் வேண்டும்.

மேலப்பாளையம்

அண்ணாச்சி, தப்பாக நினைக்காதீர்கள், 2023 கணக்கு பழசு. கூகுளின் ஏஐயான ஜெமினியில் எழுத்தில் கேட்கிற நடுத்தரமான ஒரு கேள்விக்கு 0.24 வாட்-மணி மின்சாரம், 0.26 மில்லி தண்ணீர் என்று கூகுள் 2025 ஆகஸ்டில் சொன்னது. 5 சொட்டு. 40 வாட் டியூப் லைட் 22 விநாடி எரிகிற கரண்ட். இதற்குப் போய் பயப்பட்டால் எப்படி?

நான் செல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். பழைய சார்ஜர், போர்டு எல்லாம் ஒரு சாக்கு எடைக்குப் போட்டேன். மறுநாள் ஆற்றுப் பக்கம் போனால் ஒரு பையன் வயரைக் கொளுத்திச் செம்பு எடுக்கிறான். தீ பச்சையாக எரிகிறது. அதில் நான் நம்பர் எழுதி ஒட்டின ஸ்டிக்கரோடு ஒரு சார்ஜர்.

அதனால் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். பேட்டரி போனால் பேட்டரியை மட்டும் மாற்றுங்கள், போனை மாற்றாதீர்கள். உப்பின பேட்டரியைக் குப்பையில் போடாதீர்கள், குத்திப் பார்க்காதீர்கள். உலகத்தில் 2022-ல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் குப்பை சேர்ந்தது, முறையாகச் சேகரித்து மறுசுழற்சிக்குப் போனதாகக் கணக்கில் உள்ளது 22.3 சதவீதம்தான். பழைய போனைக் கம்பெனி திரும்ப எடுக்குமா என்று கேட்டு வாங்குங்கள். டிஸ்ப்ளே கீறல் விழுந்ததற்கெல்லாம் புதுசு வாங்க வேண்டாம். அப்புறம் ஏஐயில் சும்மா வீடியோ செய்து தள்ளாதீர்கள், எழுத்தை விட அதற்குக் கரண்ட் பல மடங்கு இழுக்கும்.

கல்லிடைக்குறிச்சி

தம்பி, கோபமெல்லாம் இல்லை. அந்த 5 சொட்டு டேட்டா சென்டருக்குள் போகிற தண்ணீர் மட்டும், கரண்ட் தயாரிக்கிற அனல் நிலையத்தில் ஆவியாவது அதில் சேரவில்லை. கேள்விக்குக் கேள்வி குறைந்தாலும் மொத்தம் ஏறத்தான் செய்கிறது. உலக டேட்டா சென்டர்கள் 2024-ல் 415 டெராவாட்-மணி (ஒரு டெராவாட்-மணி என்றால் 100 கோடி யூனிட்) மின்சாரம் எடுத்தன, 2030-ல் 945 ஆகும் என்று சர்வதேச எரிசக்தி முகமை கணிக்கிறது. சராசரியை வைத்து அந்தச் சந்துப் பெண்கள் என்ன செய்வார்கள்? அவர்கள் தெருவுக்கு லாரி வந்ததா என்பதுதான் அவர்களுக்குக் கணக்கு. நீங்கள் பார்த்த புகையும் அப்படித்தானே, அந்தப் பையன் மூக்கில்தானே முழுசும் ஏறியது.

பணகுடி

தம்பி, உங்கள் சார்ஜரை எடுத்தீர்களா?

மேலப்பாளையம்

இல்லை அக்கா, கை வைக்க முடியாத சூடு. மூக்கைக் கட்டிக்கோ என்று கர்ச்சீப்பைக் கொடுத்தேன். வாங்கி நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரும்பக் குச்சியால் கிளற ஆரம்பித்துவிட்டான்.