தாமான் (குடியிருப்பு) குழு, பட்டர்வொர்த், மலேசியா: ஸ்கேனருக்காக விண்டோஸ் 7

[சனி 9:12] ரேவதி: எல்லாரும் பசியாறிட்டீங்களா? கோயில் ஆபிஸ் லேப்டாப் விஷயம். திங்க்பேட், ஐ5, 6ஆம் தலைமுறை. பெரிய ஸ்கேனருக்கு விண்டோஸ் 7 வரைக்கும்தான் டிரைவர் (சாதனத்தை இயக்குற மென்பொருள்) இருக்கு, 10ல ஏறவே மாட்டேங்குது. பென்டிரைவ்ல 7 போட்டு பூட் பண்ணா "சிடி/டிவிடி டிரைவர் காணோம்"னு நிக்குது. பென்டிரைவ் கெட்டுப்போச்சா?

[9:15] சரவணன்: பென்டிரைவ் நல்லாத்தான் இருக்கும்மா. 7 வந்தது 2009ல, அதுக்கு யுஎஸ்பி 3 தெரியாது. 6ஆம் தலைமுறையில இன்டெல் பழைய யுஎஸ்பி 2 கன்ட்ரோலரையே (யுஎஸ்பியை நடத்துற பகுதி) எடுத்துட்டாங்க. பூட் ஆகுறப்ப பயாஸ் (விண்டோஸுக்கு முன்னாடி ஓடுற அடிப்படை மென்பொருள்) பென்டிரைவைப் படிச்சுக் கொடுக்கும். இன்ஸ்டாலர் எழுந்தப்புறம் தானே படிக்கணும், அங்கதான் மாட்டுது.

[9:16] ரேவதி: கீபோர்டு மட்டும் வேலை செய்யுதேண்ணே?

[9:17] சரவணன்: லேப்டாப் கீபோர்டு உள்ளுக்குள்ள பிஎஸ்/2ங்கிற பழைய இணைப்பு வழியா போகுது, யுஎஸ்பி இல்ல. யுஎஸ்பி மவுஸைச் சொருகிப் பாருங்க, அசையாது.

[9:20] தேவி அக்கா: அதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோ ரேவதி. ஸ்கேனர் டிரைவர் 32 பிட்டா 64 பிட்டா? 64 பிட் விண்டோஸ்ல 32 பிட் டிரைவர் ஏறாது. 32 மட்டும்னா விண்டோஸும் 32தான் போடணும். அப்ப 8 ஜிபி ராம் இருந்தாலும் 4க்குள்ளதான் எடுத்துக்கும்.

[9:24] ரேவதி: சிடி மேல ரெண்டும்னு போட்டிருக்குக்கா.

[9:25] தேவி அக்கா: அப்ப 64 போடு.

[9:26] யோகேஷ்: 10லயே வர்ச்சுவல்பாக்ஸ் (கணினிக்குள்ள இன்னொரு கணினி மாதிரி ஓட்டுற மென்பொருள்) போட்டு, அதுக்குள்ள 7 ஓட்டி, ஸ்கேனரோட யுஎஸ்பியை உள்ள விட்டா போதாதா அக்கா? லேப்டாப்பைத் தொடவே வேணாம்.

[9:29] தேவி அக்கா: முதல்ல அதைத்தான் செஞ்சு பாக்கணும். ஒரு மணி நேர வேலை. நூறு பக்கம் தொடர்ந்து ஸ்கேன் பண்ணிப் பாரு. நடுவுல இணைப்பு அறுந்து போனா மட்டும் நேரடியா 7 போடு.

[9:41] சரவணன்: நேரடியான்னா, இருக்கிற எஸ்எஸ்டியை (உள்ள இருக்கிற டிஸ்க்) அழிக்காதீங்க. வேற 128 ஜிபி ஒண்ணு வாங்கி மாட்டுங்க, பழசு அப்படியே 10ஓட இருக்கட்டும். கழட்டுறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற வசதி) ஓடுதான்னு பாத்து, 48 இலக்கச் சாவியை எழுதி வைங்க. செக்யூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் பூட் பண்ண விடுற அமைப்பு) அணைச்சாலோ வேற மெஷின்ல மாட்டினாலோ அதைக் கேக்கும்.

[9:44] சரவணன்: அப்புறம் பயாஸ். எஃப்1 அழுத்தி உள்ள போங்க. செக்யூர் பூட் ஆஃப், ஸ்டார்ட்டப்ல லெகசி ஒன்லி (பழைய பயாஸ் முறை மட்டும்). இது இல்லாம யுஇஎஃப்ஐங்கிற புது முறையிலயே போட்டா "ஸ்டார்டிங் விண்டோஸ்" படத்தோட உறைஞ்சு நிக்கும். 7க்குத் திரையில வரைய பழைய பயாஸ் வீடியோ வழி வேணும், அதைக் கொடுக்கிறது லெகசி மோடுதான்.

[9:46] யோகேஷ்: ரூஃபஸ்ல (பூட் பென்டிரைவ் தயாரிக்கிற மென்பொருள்) எம்பிஆர் (பழைய டிஸ்க் பிரிப்பு முறை), பயாஸ்னு தேர்ந்தெடுக்கணும், ஃபார்மட் என்டிஎஃப்எஸ். ஃபேட்32 வேணாம்: இன்ஸ்டால்.விம் (விண்டோஸ் முழுசும் அடங்கின கோப்பு) டிரைவர் சேர்த்து 4 ஜிபியைத் தாண்டிட்டா திரும்ப எழுத முடியாது.

[9:52] சரவணன்: சரியா சொன்ன தம்பி. இப்ப முக்கியமான வேலை. இன்டெல் 100 வரிசை சிப்செட்டுக்கான விண்டோஸ் 7 யுஎஸ்பி 3 டிரைவரை எடுத்து விரிச்சு வைங்க. 10ல டிஸ்ம் (விம் கோப்பைத் திருத்துற கருவி) கட்டளையால, இன்ஸ்டாலர் இருக்கிற பூட்.விம் கோப்போட 2ஆம் இண்டெக்ஸை (பகுதி) மவுன்ட் பண்ணி, அதாவது திறந்து, டிரைவரைச் சேருங்க. இன்ஸ்டால்.விம்லயும் நீங்க போடப்போற பதிப்புக்கு அதையே செய்யணும். நிறைய பேர் பூட்.விம் மட்டும் செய்றாங்க. இன்ஸ்டால் முடிஞ்சிரும், ஆனா டெஸ்க்டாப் வந்ததும் எந்த யுஎஸ்பியும் எழும்பாது, ஸ்கேனரும் சேர்த்துத்தான். அன்மவுன்ட்ல (மூடுறப்ப) கமிட் (சேமி) போட மறந்தா செஞ்சது எதுவும் தங்காது.

[9:55] ரேவதி: புது எஸ்எஸ்டி எந்த இணைப்பு வகை, சாட்டாவா, என்விஎம்இயா?

[9:56] சரவணன்: இருக்கிறது எதுவோ அதே. சாட்டான்னா 7லயே டிரைவர் இருக்கு. என்விஎம்இன்னா கேபி2990941, கேபி3087873ங்கிற மைக்ரோசாஃப்ட் அப்டேட் ரெண்டையும் அதே மாதிரி விம்ல சேர்க்கணும், இல்லைன்னா டிஸ்க்கே தெரியாது.

[9:58] தேவி அக்கா: "ஜிபிடி டிஸ்க்கில் நிறுவ முடியாது"ன்னு வந்தா (ஜிபிடி புது டிஸ்க் பிரிப்பு முறை, நமக்கு வேண்டியது எம்பிஆர்) ஷிஃப்ட் எஃப்10 அழுத்தி, டிஸ்க்பார்ட் கட்டளை போடு. லிஸ்ட் டிஸ்க்ல அளவைப் பாத்து நம்ம டிஸ்க்தானான்னு உறுதி பண்ணு. பென்டிரைவும் அங்க நிக்கும், ஜாக்கிரதை. பிறகு செலக்ட், கிளீன், கன்வர்ட் எம்பிஆர்.

[10:07] யோகேஷ்: அப்டேட் எடுக்கலாமா? 2020 ஜனவரி 14லயே ஆதரவு முடிஞ்சிருச்சே.

[10:11] சரவணன்: பழைய அப்டேட்டுங்களுக்கே ரெண்டு கோப்பு முதல்ல வேணும்: கேபி4490628, அப்புறம் கேபி4474419, ரீஸ்டார்ட். இது ரெண்டும் ஷா-2 கையொப்பத்தை (அப்டேட் அசல்தானான்னு சரிபார்க்கிற அடையாளம்) விண்டோஸ் புரிஞ்சுக்க. இல்லாம போட்டா 80092004 பிழை வரும். வேற மெஷின்ல இறக்கி பென்டிரைவ்ல கொண்டு வாங்க.

[10:13] தேவி அக்கா: அதோட நிறுத்திக்கோ. வைஃபையை அணைச்சே வை, கேபிளும் வேணாம். கணக்கு, உறுப்பினர் பட்டியல், பேங்க் எதுவும் அந்த மெஷின்ல கூடாது. ஸ்கேன் பண்ணினதைப் பென்டிரைவ்ல எடுத்து, வேற லேப்டாப்ல வைரஸ் ஸ்கேன் போட்டுத் திற.

[10:15] ரேவதி: சரிக்கா. வர்ச்சுவல்பாக்ஸ் இன்னைக்கே போட்டுப் பாக்கிறேன். கழட்டின எஸ்எஸ்டியை எங்க வைக்கிறது?

[10:16] சரவணன்: புதுசு வந்த ஆன்டிஸ்டாட்டிக் கவர்லயே போட்டு, டப்பாவுல சிலிக்கா ஜெல் ஒண்ணு சேர்த்து அலமாரியில வைங்க. நம்ம ஊர் ஈரம் தெரியும்ல லா. பிட்லாக்கர் சாவி எழுதின தாளை அதோட வைக்காதீங்க, பொருளாளர் கையில கொடுத்துருங்க.