கணக்குதாரர் இறந்த பின் விளையாட்டுகள்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

கோத்தகிரி:
வணக்கம். நூலகக் கணினி வகுப்புக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கணக்குதாரர் இறந்தால் அவர் வாங்கிய டிஜிட்டல் விளையாட்டுகள் என்ன ஆகும் என்ற பக்கத்துக்கு 'விளையாட்டு வாரிசுரிமை' என்று தலைப்புப் போட்டிருக்கிறேன். சரிதானா?

குன்னூர்:
ஐயா, அந்தச் சொல் இல்லாததை இருப்பதாகக் காட்டுகிறது. கணினி விளையாட்டு விற்கும் ஸ்டீம் தளத்தில் காசு கொடுத்தால் கிடைப்பது உரிமம், உடைமை அல்ல. 2024 அக்டோபரிலிருந்து பணம் கட்டும் பக்கத்திலேயே அப்படி அறிவிக்கிறார்கள். உயில் எழுதி வைத்தாலும் கணக்கை மாற்றித் தரமாட்டார்கள். உரிமம், உரிமை இரண்டுக்கும் முடிவில் மட்டும்தான் வேறுபாடு. குடும்பம் ஏமாறுவது அங்கேதான்.

உதகை:
குன்னூர் அம்மா சொல்வது சரி. ஆனாலும் 'தாயம்' இருக்க வேறு சொல் எதற்கு? புறநானூற்று 75ஆம் பாட்டின் 'பழவிறல் தாயம்', மூத்தவர்களைக் கூற்றுவன் கொண்டுபோன பின் வந்து சேர்ந்த அரசு. கட்டை உருட்டி ஆடுவதும் தாயம். ஆட்டமும் வழிவழிச் சொத்தும் ஒரே சொல்லில்! வடமொழி 'தாய'த்திலிருந்து வந்தது என்பதை நான் ஏற்கவில்லை, தாய்வழி வந்ததே தாயம் என்பது என் கருத்து. கணக்கில் வாங்கிச் சேர்த்த விளையாட்டுகளை 'லைப்ரரி' என்கிறார்களே, அதற்கு எட்டுத்தொகை போல 'ஆட்டத்தொகை' வைக்கலாம்.

குன்னூர்:
ஆட்டத்தொகை என்றால் சூதாட்டப் பணம் என்றுதான் படிப்பார்கள். தாயத்தின் வேர் எதுவாகவும் இருக்கட்டும், அது கைக்கு வந்து சேர்வதைச் சொல்லும் சொல். இங்கே எதுவும் வந்து சேர்வதில்லை.

கூடலூர்:
எங்கள் பக்கம் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17-இல் வரும் நிலத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அனுபோகம் உண்டு, பட்டா இல்லை. 'அனுபோக உரிமம்' என்று போடுங்கள்.

உதகை:
அனுபோகம் வடசொல். 'துய்ப்புரிமம்' என்க.

கோத்தகிரி:
துய்ப்பு என்றதும் வகுப்பில் பாதிப் பேர் அடுத்த வரிக்கே போகமாட்டார்கள், ஐயா.

குன்னூர்:
தலைப்பு எதுவானாலும் உள்ளே இது இருக்கட்டும். ஜிஓஜி (GOG) என்ற இன்னொரு விற்பனைத் தளத்தில் வாங்கியவற்றுக்கு ஆஃப்லைன் இன்ஸ்டாலர், அதாவது இணையம் இல்லாமலே நிறுவும் கோப்பு, கிடைக்கும். இருக்கும்போதே இறக்கி வெளி ஹார்டு டிஸ்கில் வைக்க வேண்டும். பெரிய விளையாட்டு ஒரு எக்ஸ்இ (.exe) கோப்பும் பல பின் (.bin) கோப்புகளுமாக வரும். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இல்லாவிட்டால் நிறுவல் பாதியில் நிற்கும். இறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நுழைவுக் குறியீடு இறந்தவரின் மின்னஞ்சலுக்குப் போகும். அது ஜிமெயிலானால், கூகுளின் செயலற்ற கணக்கு ஏற்பாட்டில் (Inactive Account Manager) கணக்கு எவ்வளவு நாள் பயன்படாமல் கிடக்க வேண்டும் என்று 3 முதல் 18 மாதம் வரை காலம் வைத்து, தரவைப் பெற 10 பேர் வரை குறிக்கலாம். அதுவும் சேமித்த தரவைத்தான் தரும், கணக்குக்குள் விடாது. குறியீடு குறுஞ்செய்தியில் வருவதானாலும், சிம் பயன்படாமல் 90 நாள் கிடந்தால் எண் போய்விடலாம்.

கோத்தகிரி:
நன்றி அம்மா, அப்படியே சேர்க்கிறேன். மூவர் ஒப்பியதால் தலைப்பு 'விளையாட்டு அனுபோக உரிமம்'.

உதகை:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜிஓஜி பத்திக்காவது தாயம் பொருந்தும். அந்த ஹார்டு டிஸ்க் பிள்ளைகள் கைக்கு வருகிறதல்லவா?