பாலம் தாண்டி தினமும் வேலைக்கு: வேரியோ 160 சரியா, கப்சாய் போதுமா?

பிறை_பயணி

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குப் பாலம் வழியாகத் தீவில் உள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போய்வர ஹோண்டா வேரியோ 160 ஸ்கூட்டர் எடுக்கலாமா, கியர் மாற்றி ஓட்டும் சின்ன மோட்டார் சைக்கிளான கப்சாய் போதுமா என்று நிறைய பேர் கேட்கிறார்கள். புது வண்டியில் முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் என்ன தெரியும் என்பதை எழுதுகிறேன்.

157 சிசி, நான்கு வால்வு, தண்ணீரால் குளிரும் எஞ்சின். பாலத்தில் 60-லிருந்து 80-க்கு ஏற த்ரோட்டிலைக் கொஞ்சம் திருகினால் போதும், எஞ்சின் திணறுவதில்லை. தீவின் விரைவுச்சாலையான லெபுராயா துன் டாக்டர் லிம் சோங் யூவில் காலை நெரிசலில் கியர் வேலை இல்லாததால் இடது கால் ஓய்வாக இருக்கும். சீட்டுக்கு அடியில் 18 லிட்டர் இடம். மழைக்கோட்டு, சாப்பாட்டுப் பாத்திரம், ஒரு ஜோடி செருப்பு அடங்கும். பெட்ரோல் டாங்கி 5.5 லிட்டர். நெரிசலோடு லிட்டருக்கு 40 என்று குறைத்துக் கணக்குப் போட்டாலும் 200 கி.மீ. தாண்டும்.

குறை என்றால் பின் சஸ்பென்ஷன்தான். தனி ஆளாக ஓட்டும்போது பாலத்தின் இணைப்புப் பட்டைகள் ஒவ்வொன்றும் முதுகில் தெரியும். ஆனாலும் இந்தப் பாதைக்கு இதுதான் சரியான வண்டி என்பது என் முடிவு.

கப்சாய்_கட்சி

அண்ணே, ஒத்துக்க முடியல. புது வண்டி எல்லாமே முதல் ஆயிரம் கிலோமீட்டர் வழவழன்னுதான் ஓடும். அதை வச்சு முடிவு சொன்னா, கடன் கட்டுறவனுக்கு அது உதவாது.

2022-ல வேரியோ 160 இங்க வந்தப்ப விலை 9,998 வெள்ளி (ரிங்கிட்). ஹோண்டா கப்சாய் வேவ் 125ஐ (125i) அப்ப அதைவிட மூவாயிரத்துக்கு மேல கம்மி. ரோட் டேக்ஸ்ல 150 சிசி வரைக்கும் வருசம் 2 வெள்ளி, அதைத் தாண்டினா 30 வெள்ளி. இது சின்னக் காசு, விடுங்க. ஸ்கூட்டர்ல எஞ்சின் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோற பெல்ட்டைப் பாருங்க. போக வர 60 கி.மீ., மாசம் 25 நாள், ஆக 1,500 கி.மீ. பெல்ட் மாத்த வேண்டிய 24,000 கி.மீ. 16 மாசத்துல வந்துடும். அப்ப ரோலரும் தேஞ்சிருக்கும், கிளட்ச் ஷூவும் பாக்கணும். கடன் முடியறதுக்குள்ள ரெண்டு தடவ.

வேவ்ல 17 இஞ்ச் சக்கரம். குழியில விழுந்தாலும் 14 இஞ்ச் மாதிரி உள்ள உட்காராது. காத்துல குளிர்ற எஞ்சின், ரேடியேட்டரும் இல்ல, கூலண்டும் இல்ல. பேட்டரி சோர்ந்தா கிக் அடிச்சு கிளப்பிடலாம். வேரியோ 160-ல கிக் கிடையாது. ரிமோட் சாவிக்குள்ள இருக்கிற சிஆர்2032 பேட்டரி தீர்ந்தாலே வேலைக்கு லேட்டு.

பிறை_பயணி

தம்பி, பெல்ட்டைச் சொன்னீர்கள், சங்கிலியை விட்டுவிட்டீர்களே. கடல் மேல் எட்டுக் கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பாதை இது. உப்புக் காற்று சங்கிலியை வெகு சீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். 500 கி.மீ.க்கு ஒரு தடவை துடைத்து எண்ணெய் போட்டால்தான் அது உழைக்கும். உங்கள் கணக்குப்படியே மாதம் மூன்று தடவை. தளர்ச்சி கையேட்டில் சொன்ன அளவுக்குள் நிற்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றி நாலு இடத்தில் அளந்து, மிக இறுக்கமான இடத்தை வைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். தளர்வான இடத்தை வைத்து இறுக்கினால் பின்சக்கர பேரிங் போகும். இதையெல்லாம் தவறாமல் செய்கிறவர்கள் எத்தனை பேர்? கவனிக்காத சங்கிலி பத்தாயிரத்துக்கே பற்சக்கரத்தையும் தின்றுவிடும்.

துப்பட்டா_கவனம்

பெண்கள் ஓட்டுவதையும் சேர்த்துப் பேசுங்கள். சுடிதாரோடு வேலைக்குப் போகிறவர்களுக்குத் திறந்த சங்கிலியும் பின்சக்கரமும் உண்மையான ஆபத்து. துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, ஜாக்கெட்டை மேலே போட்டு ஜிப் இழுத்துவிட வேண்டும், எந்த வண்டியானாலும். ஸ்கூட்டரில் சங்கிலி இல்லை, முன்பக்கத் தரை தட்டை. பின்சக்கரம் அங்கேயும் திறந்துதான் இருக்கிறது, அதை மறக்காதீர்கள்.

வேரியோவின் சீட் உயரம் 778 மி.மீ. சீட் அகலமானது என்பதால் குள்ளமானவர்களுக்குக் கால் நுனிதான் எட்டும். கடையில் இரண்டு காலையும் ஊன்றி, நடு ஸ்டாண்டில் ஏற்றி இறக்கிப் பார்த்த பிறகே முன்பணம் கட்டுங்கள்.

கிரீஸ்_கை

ரெண்டு பேர் சொல்றதிலயும் பாதிதான் சரி.

புது வண்டி வாங்கினதும் நம்ம பாலத்துல பலரும் செய்யிற தப்பு ஒண்ணு இருக்கு. 13.5 கி.மீ. முழுக்க ஒரே வேகத்துல பிடிக்கிறது. முதல் 500 கி.மீ.க்கு அது எஞ்சினுக்கு ஆகாது. பிஸ்டன் வளையம் சிலிண்டர் சுவரோட பழகணும்னா வேகம் ஏறி இறங்கணும். 50-க்கும் 70-க்கும் நடுவுல மாத்தி மாத்தி ஓட்டுங்க, முழு த்ரோட்டில் வேணாம். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடவே கூடாது. அப்ப வெளிய வர்ற எண்ணெயை வெளிச்சத்துல பாத்தா பொடிப்பொடியா உலோகம் மின்னும். அதோட ஓட்டினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்ல. புது டயரும் முதல் நூறு நூத்தம்பது கிலோமீட்டருக்கு வழுக்கும். மழையில சாலைக் கோடுங்க மேல சாஞ்சு திரும்பாதீங்க.

அடுத்து, எண்ணெய். கப்சாய்ல கிளட்ச் எஞ்சின் எண்ணெய்க்குள்ளயே முங்கி இருக்கு. அதுக்கு பாட்டில்ல போட்டிருக்கிற ஜாசோ தரக் குறியீடு எம்ஏ இல்லன்னா எம்ஏ2. ஸ்கூட்டர்ல கிளட்ச் வெளிய உலர்வா இருக்கு, அதுக்கு எம்பி. எம்பி எண்ணெய்ல வழுக்கல் கூட. அதை வேவ்ல ஊத்தினா கிளட்ச் நழுவும்: சத்தம் ஏறும், வண்டி ஏறாது. அளவும் முக்கியம். வேவ் 125ஐக்கு எண்ணெய் மாத்தும்போது 0.7 லிட்டர்தான். பாட்டில்ல மிச்சம் ஏன்னு ஒரு லிட்டரையும் கவுத்தா, கூடுதல் எண்ணெய் மூச்சுக்குழாய் வழியா ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள ஏறும்.

வேரியோல எல்லாரும் மறக்கிறது கியர் எண்ணெய். அளவு ரொம்பக் கொஞ்சம்தான். பின்சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கிற பெட்டிக்குள்ள போறது. எஞ்சின் எண்ணெய் மாத்துற ரெண்டு தடவைக்கு ஒரு தடவ இதையும் மாத்தச் சொல்லுங்க. கேக்கலன்னா நிறைய கடையில தொடவே மாட்டாங்க.

ஒய்15_ரசிகன்

ரெண்டும் வேணாம், யமஹா ஒய்15இசட்ஆர் எடுங்க பாஸ். 150 சிசி, அஞ்சு கியர், கிளட்ச் இருக்கு, ரோட் டேக்ஸும் 2 வெள்ளிதான். பாலத்துல லோரி பக்கத்துல போனாலும் நிலையா நிக்கும்.

கப்சாய்_கட்சி

டாங்கி 4.2 லிட்டர்தானே பாஸ். தினம் 60 கி.மீ. ஓடுறவருக்கு வாரத்துல ரெண்டு மூணு தடவ பம்ப்ல நிக்கணும். நிலையா நிக்கிறதுக்கும் சிசிக்கும் சம்பந்தமில்ல. மூணு வண்டியுமே காத்து வீசினா ஆடும். கைய விறைப்பாப் பிடிச்சா ஹேண்டில் இன்னும் ஆடும், முழங்கைய தளர்த்தணும். லோரியைத் தாண்டின உடனே பக்கக் காத்து ஒரே அடியா அடிக்கும்ங்கறதால அதுக்கு முன்னாடியே வேகத்தக் குறைக்கணும்.

கிரீஸ் அண்ணே, ஒண்ணு கேக்கறேன். பாயா தெருபோங்லேர்ந்து ஜாலான் துன் சார்டோன் மலை ரோடு வழியா பாலேக் பூலாவ் இறங்குறவங்களுக்கும் ஸ்கூட்டரையே சொல்வீங்களா? கப்சாய்ல ரெண்டாவது கியருக்கு வந்தா எஞ்சினே வண்டியப் பிடிக்கும்.

கிரீஸ்_கை

அந்த ரோட்டுக்கு மட்டும் சொல்ல மாட்டேன். வேகம் குறைஞ்சதும் ஸ்கூட்டர் கிளட்ச் விட்டுடும், அப்புறம் வண்டி தானா உருளும். முழுச் சுமையும் பிரேக் மேல. த்ரோட்டிலை லேசாத் தொட்டுக்கிட்டே இறங்கினா கிளட்ச் பிடிச்சிருக்கும், ஆனா அது கப்சாய் அளவுக்கு வராது. தினமும் அந்த மலையில இறங்குறவரு வேவ் எடுக்கட்டும்.

பாலம் மட்டும் கடந்து போறவருக்கு நான் வேரியோவைத்தான் சொல்வேன். எல்லாம் சம தரை, வேகமும் 70 வாக்குல. அந்த வேகத்துல 125 சிசி எஞ்சின் ரொம்ப உழைக்கணும், 160 அலட்டிக்காது. ஆனா நெரிசல்ல பிரேக்கையும் த்ரோட்டிலையும் ஒண்ணாப் பிடிச்சு ஊர்ந்து போகாதீங்க. கிளட்ச் ஷூ எரிஞ்சு தூளாகி, அது உரசிப் பிடிக்கிற கிண்ணத்துக்குள்ள (கிளட்ச் மணி) படியும். அப்புறம் கிளம்பும்போது 20 கி.மீ. வேகத்துல வண்டி நடுங்கும். 8,000 கி.மீ.க்கு ஒரு தடவ பெல்ட் பெட்டி கவரைத் திறந்து சுத்தம் பண்ணா அந்த நடுக்கம் வராது.

வெள்ளத் தண்ணி அச்சு வரைக்கும் வந்தா இறங்காதீங்க. பெல்ட் பெட்டிக்குள்ள தண்ணி போனா பெல்ட் நழுவும், எஞ்சின் மட்டும் கத்தும்.

கப்சாய்_கட்சி

மலைக்கு வேவ்னு நீங்களே சொல்லிட்டீங்க, அது போதும். பாலத்துக்கு 125 ரொம்ப உழைக்கணும்ங்கறத மட்டும் ஏத்துக்க மாட்டேன். 70-ல வேவ் டாப் கியர்ல அமைதியாத்தான் ஓடுது. 90 வேணும்ங்கறவருக்குத்தான் 160.

பிறை_பயணி

எதிர்க்காற்று அடிக்கும் மாலையில் அந்த 70-ஐப் பிடித்து வைப்பதுதான் சிக்கல், தம்பி. அங்கே நாம் ஒத்துப்போக மாட்டோம். கிரீஸ் அண்ணன் சொன்ன 8,000 கி.மீ. சுத்தத்தை நான் முதல் பதிவில் எழுதாதது குறைதான். கவரைத் திறக்கும்போது பெல்ட்டில் வேறு என்ன பார்க்கச் சொல்ல வேண்டும், அண்ணே?

கிரீஸ்_கை

பெல்ட்டைத் திருப்பிப் பிடிச்சு உள் பற்களுக்கு அடியில வெடிப்பு இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. அப்புறம் வெர்னியர் அளவுகோல்ல பெல்ட் அகலத்தை அளந்து, கையேட்டுல இருக்கிற தேய்மான எல்லையோட ஒப்பிட்டுக் காட்டச் சொல்லுங்க. எல்லைக்கு மேல இருந்து வெடிப்பும் இல்லன்னா அதையே திரும்பப் போடலாம். கண்ணால பாத்தே “மாத்தணும்”னு சொல்ற கடையில, அளந்து காட்டுங்கன்னு கேளுங்க.