ஏழாம் வகுப்புக்கு ஒரு யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. திருப்பூர் பக்கம் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கிறேன். 34 பிள்ளைகள். அதில் ஆறு பேர் ஒடிசா, பீகாரிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பங்கள்.

போன வாரம் சத்துணவு நேரத்தில் ஒரு பெண் தம்பியிடம் ஒடியாவில் ஏதோ சொன்னாள். நான்கு பேர் அதே இழுவையில் திருப்பிச் சொல்லிச் சிரித்தார்கள். அவள் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்று முழுக்க எனக்கு மனசே சரியில்லை.

மறுநாள் ஏற்றுமதிப் பனியன் ஒன்றைக் கொண்டுபோய் லேபிளைப் படிக்கச் சொன்னேன். ஆறு மொழிகளில் சலவைக் குறிப்பு. "எங்கம்மா செக்கிங் பண்றது இதுதான் மிஸ்" என்றான் ஒருவன். அந்தப் பெண்ணின் அப்பாவும் அதே கம்பெனியில்தான் தைக்கிறார். வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. சரி, இங்கிருந்தே தொடங்கலாம் என்று தோன்றியது.

ஐ.நா.வின் குழந்தைகள் உரிமை உடன்படிக்கை 1989 நவம்பர் 20 அன்று ஏற்கப்பட்டது. 1992இல் இந்தியாவும் சேர்ந்தது. சிறுபான்மைக் குழந்தைகள் தம் மொழியைப் பேசும் உரிமை அதன் 30ஆவது பிரிவில் இருக்கிறது. வரும் நவம்பர் 20க்குள் பிள்ளைகளே தங்கள் வகுப்புக்கு விதிகள் எழுத வேண்டும் என்று ஆசை.

பன்னிரண்டு வயதுக்குப் புரியும் எளிய தமிழில் அந்தப் பிரிவுகள் யாரிடமாவது இருக்கிறதா? அப்புறம், ஒடியா தெரிந்த யாராவது ஒரு மணி நேரம் வந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் அவரவர் பெயரை ஒடியாவில் எழுதக் கற்றுத்தருவீர்களா? உங்கள் வகுப்பில் செய்து பார்த்த விளையாட்டு இருந்தாலும் சொல்லுங்கள். அறிவுரைக் கதைகள் மட்டும் வேண்டாம், பிள்ளைகளுக்குக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.