ஒப்பந்தத்தில் ‘மே’ (may, ‘-லாம்’) என்று எழுதினால் ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்ப்புச் சொல்வது) ஷரத்து செல்லுமா?

டெண்டர்மணி: ஒப்பந்தத்துல ‘ஆர்பிட்ரேஷன்’னு ஒரு வார்த்தை இருந்தாலே போதும். ஸ்டாம்ப் ஒட்டாத ஒப்பந்தமே செல்லும்னு சுப்ரீம் கோர்ட்டோட 7 நீதிபதிகள் அமர்வு 2023 டிசம்பர்ல சொல்லிடுச்சு. 1996 ஆர்பிட்ரேஷன் சட்டம் பிரிவு 11-ல மனு போட்டா ஐகோர்ட் நடுவரை நியமிச்சுத்தான் ஆகணும். மத்ததை நடுவர் பார்த்துக்குவார்.

பாரிமுனை: இதை நம்பி எவனாவது மனு போட்டு ரெண்டு வருஷம் வீணாக்கப் போறான். 2025 ஜூலை 18-ல வந்த பிஜிஎம் - ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் தீர்ப்பைப் படிச்சீங்களா? ஷரத்து 13-ல என்ன இருந்தது? அரசு அமைப்பு அல்லாத தரப்பா இருந்தா, 1996 சட்டத்தின் வழியா தகராறுக்குப் பரிகாரம் ‘மே பி சாட்’. தேடலாம். தேடணும்னு இல்லை. கல்கத்தா ஐகோர்ட் நடுவரை நியமிக்க மறுத்தது. சுப்ரீம் கோர்ட்ல நீதிபதிகள் நரசிம்மா, மனோஜ் மிஸ்ரா அமர்வும் அதையே உறுதி செஞ்சுது. சட்டத்தோட பேரே ஷரத்துல இருந்தும் தோத்தாங்க. ஒரே காரணம், ‘மே’.

அந்த 7 பேர் அமர்வு சொன்னதும் நீங்க சொல்றது இல்லை. ஸ்டாம்ப் இல்லாத ஆவணத்தைச் சாட்சியமா எடுக்க முடியாது, தீர்வையும் அபராதமும் கட்டினா அந்தக் குறை தீரும்னாங்க. அபராதம் பத்து மடங்கு வரைக்கும் போகும். ஆனா ஆர்பிட்ரேஷனுக்குப் போக ஒப்புக்கொள்ளவே இல்லைன்னா அதை எந்த அபராதம் கட்டித் தீர்ப்பீங்க?

பிரிவுஏழு: ஒரே காரணம் ‘மே’ன்னு எழுதாதீங்க சார். எல்லாத் தகராறும் கட்டாயம் நடுவரிடம் போகணும்ங்கிற உடன்பாடே அந்த ஷரத்துல தெரியலை. அதனால்தான் தோத்தது. கோர்ட் பார்ப்பது தரப்பினரின் எண்ணத்தை. 2018 ஷெஜியாங் வழக்குல கலந்து பேசித் தீராவிட்டா ஆர்பிட்ரேஷன் அல்லது கோர்ட்னு இருந்தது. அதையே சுப்ரீம் கோர்ட் ஏத்துக்கிட்டு நடுவரை நியமிச்சுது.

பாரிமுனை: அங்க ரெண்டு கதவையும் இப்பவே திறந்து வச்சிட்டாங்க. ‘மே’ போட்டா கதவே பின்னாடி பேசிக்கலாம்ங்கிற கணக்கு. 2000-ல வெலிங்டன் அசோசியேட்ஸ் வழக்கு: ‘மே பி ரெஃபர்டு டு ஆர்பிட்ரேஷன்’ (ஆர்பிட்ரேஷனுக்கு அனுப்பலாம்). ஒப்பந்தம் இல்லைன்னாங்க. 2007-ல ஜகதீஷ் சந்தர்: ‘ஷால்’ (shall, ‘வேண்டும்’) போட்டுட்டு ‘தரப்பினர் அப்படித் தீர்மானித்தால்’னு சேர்த்தாங்க. அதுவும் போச்சு. புதுசா வேறொரு சம்மதம் தேவைப்படுற ஷரத்து ஷரத்தே இல்லை.

பிரிவுஏழு: 2022 பாபன்ராவ் பூண்ட் தீர்ப்பு? நடுவர் முடிவு இறுதியானது, கட்டுப்படுத்தும்னு ஒரு வரி கூட அந்த ஷரத்துல கிடையாது. இருந்தும் செல்லும்னாங்க. ஒரு வார்த்தையைப் பிடிச்சுத் தொங்காம முழுசாப் படிச்சதாலதான்.

பாரிமுனை: முழுசாப் படிச்சாங்க, அங்க ‘ஷால் பி ரெஃபர்டு’ன்னு இருந்தது! நீங்க எடுத்துப் போடுற தீர்ப்பெல்லாம் என் பக்கம்தான் பேசுது. இடம் இல்லை, நடுவர் எண்ணிக்கை இல்லை, இறுதின்னு இல்லை, எல்லாத்தையும் சட்டம் நிரப்பும். எண்ணிக்கை சொல்லலைன்னா பிரிவு 10(2)-ன்படி ஒரே நடுவர். ‘மே’யை மட்டும் எந்தப் பிரிவும் நிரப்பாது.

டெண்டர்மணி: 2024-ல ரயில்வே மின்மயமாக்கல் தீர்ப்பு வந்தப்பவும் நீங்க இப்படித்தான் எல்லாரையும் மிரட்டினீங்க. ஒரு தரப்பே நடுவரை நியமிக்கிற ஒருதலைப்பட்ச நியமனம் எல்லாம் செத்ததுன்னீங்க. மூணு பேர் நடுவர் மன்றத்துக்கு அது இனிமேல் நடக்கிற நியமனத்துக்குத்தான்னு தீர்ப்பிலேயே இருக்கு.

பாரிமுனை: 2024 நவம்பர் 8. முன்தேதிக்கு உண்டுன்னு நான் எழுதவே இல்லை, பழைய இழையைப் போய்ப் பாருங்க. பேச்சை மாத்தாதீங்க.

பத்திரம்கந்தன்: தமிழ்ல எழுதுற பங்குதாரர் பத்திரத்துக்கு இது பொருந்துமா ஐயா? ‘மத்தியஸ்தர் மூலம் தீர்த்துக்கொள்ள வேண்டியது’ன்னு ஒரு மாதிரி வாசகம். ‘மத்தியஸ்தத்துக்கு விட்டுக்கொள்ளலாம்’னு இன்னொரு மாதிரி.

பாரிமுனை: ‘வேண்டியது’ நிக்கும். ‘லாம்’ அதே ‘மே’. டைப் அடிக்கிறவங்க மரியாதையா இருக்கட்டும்னு ‘லாம்’ போட்டு ஷரத்தையே கொன்னுடுறாங்க. அதைவிடப் பெரிய வம்பு ‘மத்தியஸ்தம்’. 2023-ல மீடியேஷன் சட்டம் வந்தாச்சு. மத்தியஸ்தர்னா சமரசம் பேசுறவரா, தீர்ப்புச் சொல்றவரா? எதிர்த்தரப்பு முதல்ல அதைத்தான் கேட்கும். ‘1996 சட்டப்படி ஒரே நடுவரிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் தீர்ப்பு இருவரையும் கட்டுப்படுத்தும், நடுவர் மன்ற இடம் சென்னை’ன்னு எழுதுங்க.

பிரிவுஏழு: மத்தியஸ்தம்ங்கிற சொல் தமிழ்ப் பத்திரங்கள்ல நடுவர் தீர்ப்புக்கும் புழங்கினதுதான். வார்த்தைப் பித்து உங்களுக்கு.

பத்திரம்கந்தன்: கையெழுத்தான பத்திரத்துல ஏற்கெனவே ‘லாம்’ இருந்தா?

பாரிமுனை: தகராறு முத்துறதுக்கு முன்னாடி ஒரு பக்கத் துணை ஒப்பந்தம் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. தகராறு வந்தாச்சுன்னா, ஆர்பிட்ரேஷனைத் தொடங்கக் கேட்கிற பிரிவு 21 நோட்டீஸ்ல ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தம் இருக்குன்னே எழுதி, 30 நாள்ல நடுவர் பேருக்குச் சம்மதம் கேளுங்க. ‘ஒத்துக்கறோம்’னு மெயில் வந்தா பிரிவு 7(4)(ஆ)-ல அதுவே ஒப்பந்தம். மறுத்தா பிரிவு 11 பக்கமே போகாதீங்க. சிவில் கோர்ட்ல வழக்குப் போடுங்க. பணப் பாக்கிக்கு மூணு வருஷக் கெடு ஓடிக்கிட்டிருக்கும். வணிகத் தகராறா, மதிப்பு 3 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்து அவசர இடைக்கால உத்தரவு எதுவும் கேட்கலைன்னா, முதல்ல வணிக நீதிமன்றச் சட்டம் பிரிவு 12ஏ-ல சொல்ற சமரச முயற்சியை முடிக்கணும். இல்லாட்டி வழக்கு மனுவே நிராகரிக்கப்படும். தப்பான மன்றத்துல போன காலத்தைக் காலவரம்புச் சட்டம் பிரிவு 14-ல கழிக்கக் கேட்கலாம். ஆனா நல்லெண்ணத்தோட, கவனமா அலைஞ்சோம்னு காட்டணும்.

பிரிவுஏழு: மெயில் எதுக்கு? எதிர்த்தரப்பு மறுக்காம இருந்தாலே பிரிவு 7(4)(இ) போதும்.

பாரிமுனை: போதாது! 2010 எஸ்.என். பிரசாத் தீர்ப்பு: கோர்ட்லயோ நடுவர் முன்னாலயோ தாக்கலான மனுவுல ஒப்பந்தம் இருக்குன்னு ஒருத்தர் சொல்லி, பதில் மனுவுல இன்னொருத்தர் மறுக்காம இருக்கணும். நோட்டீஸுக்குப் பதில் போடாதது அந்தக் கணக்குல வராது.

டெண்டர்மணி: நான் பேசினது ஸ்டாம்ப் பத்தி. அதுல நான் சொன்னது சரிதான்.

பிரிவுஏழு: மறுபடியும் சொல்றேன், தீர்ப்பு ‘மே’யால மட்டும் வரலை. 2016-ல லண்டன்ல இருக்கிற பிரிவி கவுன்சில் அன்ஸென் வழக்குல ‘மே சப்மிட்’னு இருந்ததையே செல்லும்னுது. ஒருத்தர் கேட்டா இன்னொருத்தர் கட்டுப்படணும்.

பாரிமுனை: அது பிரிட்டிஷ் விர்ஜின் தீவு வழக்கு. அதை எடுத்துக்கிட்டு அங்கேயே மனு போடுங்க. இங்க ‘சாட்’டுக்குப் பக்கத்துல என்ன வார்த்தை இருந்தது? அதை மட்டும் சொல்லுங்க.

பிரிவுஏழு: முழு ஷரத்தையும் சொல்லுங்க, நானும் சொல்றேன்.