இருட்டில் யூக்ளினா வெளுக்கிறது, கிளாமிடோமோனாஸ் பச்சையாகவே இருக்கிறது, ஏன்?

பாசிமணி:
எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிறேன். ப்ராஜெக்டுக்காக யூக்ளினா கிராசிலிஸ், கிளாமிடோமோனாஸ் ரெய்ன்ஹார்ட்டி என்ற இரண்டு ஒற்றைச் செல் பாசிகளையும் அசிட்டேட் (இருட்டிலும் உணவாகும் கார்பன் மூலம்) சேர்த்த ஊடகத்தில் வளர்க்கிறேன். ஒவ்வொன்றிலும் ஒரு குடுவை டியூப்லைட் அடியில். இன்னொன்று அலுமினியத் தாள் சுற்றி அலமாரிக்குள். இருட்டு யூக்ளினா வெளிறிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செல்கள் நன்றாக நெளிந்து நீந்துகின்றன, உள்ளே பச்சை மட்டும் இல்லை. கிளாமிடோமோனாஸோ அதே அலமாரியில் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. தாளில் ஓட்டை இருக்குமோ என்று இரட்டையாகச் சுற்றியும் அப்படியேதான். பச்சையம் உண்டாக வெளிச்சம் கட்டாயம் என்றுதானே படித்தோம்? வைவாவில் நிச்சயம் கேட்பார்கள்.

கணிகன்:
தாளில் ஓட்டை இல்லை, கவலை வேண்டாம். வித்தியாசம் ஒரே ஒரு படியில் இருக்கிறது.

பச்சையம் உண்டாகும் பாதையில் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் புரோட்டோகுளோரோஃபில்லைடு என்ற பொருள் வரும். அதன் நான்காவது வளையத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பை ஒடுக்கினால் குளோரோஃபில்லைடு. இந்த வேலைக்கு இயற்கையில் இரண்டு நொதிகள் உண்டு. ஒன்றுக்கு ஒளி வேண்டும். அதற்கு ஒளி வெறும் சமிக்ஞை இல்லை. நொதியில் உட்கார்ந்திருக்கும் புரோட்டோகுளோரோஃபில்லைடு நிறமியே ஒளியை விழுங்கினால்தான் வினை நடக்கும். நொதி, ஒடுக்க எலக்ட்ரான் தரும் என்ஏடிபிஹெச், நிறமி மூன்றும் கூடித் தயாராக இருந்தாலும் இருட்டில் ஒன்றும் நகராது. ஒளி பட்டதும் நொடிக்கும் குறைவான நேரத்தில் முடிந்துவிடும்.

மற்றது இருட்டிலும் வேலை செய்யும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவழித்து, ஃபெரடாக்சின் என்ற எலக்ட்ரான் கடத்தும் புரதத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கி அதே பிணைப்பை ஒடுக்கும். நைட்ரஜனை நிலைநிறுத்தும் நைட்ரஜனேஸுக்கு நெருங்கிய உறவு. அதைப் போலவே ஆக்சிஜன் பட்டால் கெடும். இதன் மூன்று துணை அலகுகளுக்கான மரபணுக்களும் கிளாமிடோமோனாஸின் பசுங்கணிக டிஎன்ஏவிலேயே இருக்கின்றன. ஆக அதனிடம் இரண்டு நொதியும் உண்டு. யூக்ளினாவிடம் ஒளி நொதி மட்டும்தான். இருட்டில் செல் பிரியப் பிரியப் பழைய பச்சையம் பங்கு போடப்பட்டுத் தீர்ந்துபோகிறது, பசுங்கணிகம் சுருங்கி, வளர்ச்சியடையாத முன்கணிகமாகிவிடுகிறது.

பூக்கும் தாவரங்களுக்கும் யூக்ளினாவின் கதைதான். முளைப்பாரியை இருட்டறையில் வளர்க்கும்போது வெளிர் மஞ்சளாக வருகிறதல்லவா, அது இந்த நொதி ஒளிக்காகக் காத்திருப்பதால்தான். பாடப்புத்தகத்தின் 'வெளிச்சம் கட்டாயம்' அவற்றுக்குச் சரி. அதை எல்லாப் பாசிக்கும் பொதுவாக்குவதுதான் எனக்கு வருத்தம்.

வைவாவுக்கு இன்னொன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கிளாமிடோமோனாஸில் ஒய்-1 என்ற திரிபு உண்டு, இருட்டில் மஞ்சளாகிவிடும். 1967இல் ஓஹாத், சீகெவிட்ஸ், பலாடே என்ற ஆய்வாளர்கள் மூவரும் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, பசுங்கணிகத்துக்குள் பச்சையத்தைத் தாங்கும் தைலகாய்டு சவ்வுகள் மறுபடி உருவாவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படிப்படியாகப் பார்த்தார்கள். பலாடேவுக்கு 1974இல் நோபல் பரிசு கிடைத்தது, அது செல் அமைப்பு ஆய்வுகளுக்கு.

நீர்ப்பூ:
கணிகன் சார் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இருட்டில் பச்சையாக இருப்பதால் அந்தப் பசுங்கணிகம் முழுதாக இயங்குகிறது என்று எழுதிவிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடிலிருந்து சர்க்கரையை ஆக்கும் கால்வின் சுழற்சியின் நொதிகள் சில இருட்டில் முடங்கிக் கிடக்கும். கிளாமிடோமோனாஸில் பாஸ்போரிபுலோகைனேஸ், ஜிஏபிடிஹெச் என்ற அந்தச் சுழற்சியின் இரண்டு நொதிகளும் சிபி12 என்ற சின்னப் புரதத்தோடு சேர்ந்து ஒரே கூட்டாகிவிடும். வெளிச்சம் வந்ததும் ஃபெரடாக்சின் வழியாக எலக்ட்ரான் தயோரெடாக்சின் என்ற புரதத்துக்குப் போய், அது டைசல்பைடு (கந்தக-கந்தக) பிணைப்புகளை அறுக்க, கூட்டு பிரிந்து நொதிகள் விழிக்கும். கணிகத்தில் சர்க்கரையை அழிக்கும் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸுக்கு நேர் எதிர், வெளிச்சத்தில் அடங்கிவிடும். சர்க்கரையை ஆக்குவதும் அழிப்பதும் ஒரே நேரத்தில் நடந்தால் வீண்தானே.

நொதிச் செயல்பாட்டை அளக்கப் போகிறீர்கள் என்றால் பிரித்தெடுக்கும் பஃபரில் டிடிடி (டைதயோதிரெயிடால் என்ற ஒடுக்கும் பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது இருட்டு மாதிரியையும் ஒடுக்கி விழிக்க வைத்துவிடும், இரண்டு குடுவைக்கும் ஒரே அளவு வரும். செல்களை மையவிலக்கியில் மூடி வைத்துச் சுற்றும் நேரமும் இருட்டுதான் என்பதை மறக்க வேண்டாம்.

பாசிமணி:
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. எங்கள் பஃபரில் டிடிடி இருக்கிறது! அப்புறம், வெளுத்த யூக்ளினா திரும்பப் பச்சையாகுமா?

கணிகன்:
ஆகும். முழுசாகப் பச்சையாக 3 நாள் போல எடுக்கும். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கொடுத்து வெளுக்க வைத்த யூக்ளினா என்றால் திரும்பாது, கணிகமே பரம்பரையாகத் தொலைந்துவிடும். அதனால் உங்கள் குடுவையில் ஸ்ட்ரெப்டோமைசின் சேர்க்காதீர்கள்.

இருட்டு மாதிரியை எடுக்கும்போது அறை விளக்கை அணைத்துவிட்டு மங்கலான பச்சை விளக்கில் வேலை செய்யுங்கள். புரோட்டோகுளோரோஃபில்லைடு நீலத்தையும் சிவப்பையும்தான் அதிகம் உறிஞ்சும். 80% அசிட்டோனில் கரைத்து ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் வைத்தால் புரோட்டோகுளோரோஃபில்லைடு 628 நானோமீட்டர் பக்கத்திலும் பச்சையம் 663 பக்கத்திலும் தெரியும். முன்னது கொஞ்சமாகத்தான் இருக்கும், அதிகம் சேர்ந்தால் வெளிச்சத்தில் செல்லையே அரித்துவிடும் என்பதால் செல் அதை அளவோடு நிறுத்திவைக்கிறது. அதனால் செல்களைத் தாராளமாக எடுங்கள்.