தவறு ஓடும் வேகத்தில் திருத்தம் ஓடுமா? – மூவர் விவாதம்

கூர்நோக்கு:
பிழையைப் பத்திரிகையே ஒப்புக்கொள்ளட்டும் என்று வாசகர் காத்திருந்த காலம் வலைப்பதிவோடு முடிந்தது. 2004 செப்டம்பரில் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, அன்றைய அதிபர் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷின் படைப்பணி பற்றிய 1970களின் கோப்புகள் என்று சில தாள்களைக் காட்டியது. அன்றிரவே இணையத்தில் எழுத்துருவை அலச ஆரம்பித்துவிட்டார்கள். அக்காலத் தட்டச்சுப் பொறிகளில் பெரும்பாலானவற்றில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். இந்தத் தாள்களிலோ, இன்றைய கணினி அச்சைப்போல, ஒல்லி எழுத்துக்குக் குறைந்த இடம், பருத்த எழுத்துக்கு அதிக இடம். இரண்டு வாரத்துக்குள், தாள்கள் உண்மையானவை என்று நிறுவ முடியவில்லை என சிபிஎஸ் அறிவித்தது.

துணையாசிரியர்:
2013 ஏப்ரலில், பாஸ்டன் குண்டுவெடிப்புக்குப் பிறகும் இதே கூட்டம்தான் துப்புத் துலக்கியது. ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்தில் படங்களை ஒப்பிட்டு, காணாமல் போயிருந்த ஒரு மாணவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். அவருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ரெடிட் மன்னிப்புக் கேட்டது. அந்தக் குடும்பம் பட்டது பட்டதுதான். 2018-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் (இன்றைய எக்ஸ்) சுற்றிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்துக்கொண்டது. 1,500 பேரைச் சென்றடைய உண்மைக்கு ஆன நேரம், பொய்க்கு ஆனதைப்போல ஆறு மடங்கு.

கூர்நோக்கு:
வலைப்பதிவையும் சமூக ஊடக ஊட்டத்தையும் (ஃபீட்) ஒன்றாகக் கட்டாதீர்கள், ஐயா. பதிவுக்கு நிலையான முகவரி உண்டு, தேதி உண்டு. தவறான வரியை அடித்துக் காட்டிப் பக்கத்திலேயே திருத்தலாம். ஊட்டத்தில் ஸ்க்ரீன்ஷாட் தனியாகப் பிய்ந்து போய்விடுகிறது.

வரப்பு:
எழுதும் முறையே அங்கேதான் மாறிவிட்டது. தொடராகப் போடும் இழையில் (த்ரெட்) ஒவ்வொரு ட்வீட்டும் தனியாகப் பகிரப்படும். முதல் ட்வீட்டில் குற்றச்சாட்டையும் நான்காவதில் “காவல்துறை இன்னும் உறுதிசெய்யவில்லை” என்பதையும் போட்டால், முதலாவது மட்டும்தான் ஊர் சுற்றும். இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரவேண்டும். “இன்று” என்று எழுதாமல் தேதியும் நேரமும் போடுங்கள்.

தவறிவிட்டால் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள்; பகிர்ந்தவர்களுக்கு அது தெரியவே தெரியாது. “தவறு” என்ற சொல்லில் தொடங்கி, சரியான தகவலைப் புதிதாகப் போட்டு, பழையதற்குக் கீழேயும் இணையுங்கள். பழைய படத்தை மறுபடி காட்டுவதானால் குறுக்கே கோடு போட்டே காட்டுங்கள்.

துணையாசிரியர்:
படத்தைச் சரிபார்ப்பது?

வரப்பு:
வாட்ஸாப்பில் படமாக வந்தால், கோப்பில் பதிந்திருக்கும் எடுத்த நேரமும் இடமும் உதிர்ந்துவிடும். எடுத்தவரிடமே கேட்டு ‘ஆவணம்’ ஆக அனுப்பச் சொல்லுங்கள். தலைகீழ்ப் படத்தேடலை, அதாவது படத்தையே கொடுத்து அது முன்பு எங்கே வந்தது என்று தேடுவதை, ஒரே தளத்தோடு நிறுத்தாதீர்கள்: கூகுள், யாண்டெக்ஸ், டின்ஐ மூன்றிலும் தேடுங்கள். கிடைக்கவில்லையா? இடவலமாகத் திருப்பித் தேடுங்கள். பழைய படத்தை அப்படிப் புரட்டிப் போடுவது வழக்கம். காணொளியானால் கடைப்பலகை, வண்டி எண் தெரியும் சட்டகத்தை (ஃபிரேம்) நிறுத்தி வெட்டி எடுத்துத் தேடுங்கள். எதுவும் கிடைக்காததே படம் புதியது என்பதற்குச் சான்றாகாது.

துணையாசிரியர்:
இதற்கெல்லாம் அரைமணி நேரமாவது ஆகும். அதற்குள் பத்து பக்கங்கள் போட்டுவிடும், மேலாளர் “நாம் ஏன் இன்னும் போடவில்லை” என்பார். நீங்கள் சொல்வது சரியான முறை. அதற்கு நேரம் கொடுக்கும் செய்தி மேசை இல்லாமல் போனதுதான் என் வாதம்.

கூர்நோக்கு:
அந்த அரைமணிக்குள் “இப்படி ஒரு படம் சுற்றுகிறது, சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று படத்தை இணைக்காமல் எழுதலாமே. அதுவும் செய்திதான். மேலாளருக்கும் பதில் ஆயிற்று.